அச்சுச் சுற்றுப் பலகையில் மின்வழி அமைத்தல்

கழனி செழிப்பது வித்தின் நலத்தால் மட்டும் அன்று. வாய்க்கால் வெட்டியவன் திறத்தாலும் ஆம். தலைமடை நிறைந்து வழியக் கடைமடை வறண்டு கிடக்குமாயின், அக்குற்றம் வித்தினது அன்று, வாய்க்காலினது. மின்பொருள்களைக் கொண்டு சிறு கருவிகளைத் தம் கையால் அமைத்து மகிழும் மாணவர் பலர் நம்மிடையே உளர். அவர்தம் கருவி காகிதத்திற் பிழையின்றி வரையப்பெற்றும், பலகையில் ஏறியபின் பிழைபட இயங்குதல் உண்டு. அப்போது அவர் உறுப்புக்களைக் குறைகூறுவர். நிரலைப் பலகாலும் திருத்துவர். குற்றமோ பெரும்பாலும் இவ்விரண்டினும் இல்லை. மின்சாரத்தை உறுப்புக்களுக்கு ஊட்டும் வழியில் உள்ளது. அவ்வழியின் இயல்பையும் அதனை அமைக்கும் முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

அச்சுச் சுற்றுப் பலகையாவது, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து ஆக்கிய தட்டின்மேல் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத செம்பை அரித்து நீக்கி, எஞ்சிய கோடுகளையே கம்பிகளாகக் கொள்வது. ஆஸ்திரிய நாட்டிற் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியறிஞர் 1936-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இம்முறையால் ஒரு வானொலிப் பெட்டியை அமைத்துக் காட்டினார். இன்று மாணவர் தம் இல்லத்திலேயே பெரிக் குளோரைடுக் கரைசலில் செம்பை அரித்துப் பலகை செய்கின்றனர். வரைதற்கும், 1992-இல் பிரான்சு நாட்டு ஆசிரியர் ழான் பியர் ஷராஸ் தொடங்கிய கீகேட் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது.

பலகையின்மேல் ஓடும் கோடுகள் இருவகைப்படும். செய்தி கொண்டுசெல்வன ஒருவகை. உறுப்புக்களை இயக்கும் மின்சாரத்தை ஊட்டுவன மற்றொரு வகை. புதியராய் வரைவோர் செய்திக் கோடுகளை முதலில் இட்டு, எஞ்சிய இடுக்குகளில் மின்வழியை நுழைப்பர். வீட்டைக் கட்டி முடித்தபின் வாயில் வைக்க இடந்தேடுவாரை இவர் ஒப்பர். இவ்வழக்கமே பிழை பலவற்றிற்கும் வித்தாகும்.

இங்கு முதற்கண் உளங்கொள்ள வேண்டுவது ஒன்று. வாய்க்காலின் நீர் வயலிற் பாய்ந்தபின் புறப்பட்ட இடத்திற்கு மீளவேண்டுவதில்லை. மின்னோட்டமோ அத்தகையதன்று, மீளும் வழி இல்லையேல் அது செல்வதும் இல்லை. ஆகவே மின்வழி என்பது நேர்முனையினின்று உறுப்புக்குச் செல்லும் கோடு மட்டும் அன்று; உறுப்பினின்று எதிர்முனைக்கு மீளும் கோடும் ஆம். கிரவுண்டு என வழங்கும் இம்மீள்வழியைப் பலரும் கருதாது விடுகின்றனர். படத்தில் அது சிறு குறியீடு ஒன்றால் முடிந்துவிடுவதே அதற்குக் காரணம்போலும்.

இனி, செப்புக் கோடு எத்துணைத் தடை உடையது என நோக்குவோம். பலகையிற் பெருவழக்காய் உள்ள செம்பின் தடிப்பு 35 மைக்ரான். இச்செம்பில் 0.25 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கோட்டின் தடை ஏறத்தாழ 0.2 ஓம். அதன்வழி அரை ஆம்பியர் ஓடுமாயின், 0.1 வோல்ட் கோட்டிலேயே இழக்கப்படும். கோடு எரிந்துவிடாது, தொட்டாற் சுடுதலும் இல்லை. அதனாலன்றோ ‘இக்கோடு போதும்’ என்று எண்ணி ஏமாறுகின்றனர்! வெப்பத்திற்குப் போதுமான அகலம் அளவையின் செம்மைக்கும் போதும் என்பது இல்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் தெளிவோம். அறையின் வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டாற் சுழலவும், 28 பாகைக்குக் கீழ்ப்பட்டால் நிற்கவும் ஒரு சிறு விசிறியை அமைப்பதாகக் கொள்வோம். வெப்பத்தை அளப்பது எல்.எம். 35 என்னும் உறுப்பு, ஆள்வது ஏ.டி.மெகா 328பி என்னும் மைக்ரோகண்ட்ரோலர். விசிறியின் மோட்டார் கொள்வது அரை ஆம்பியர். மோட்டாரின் மீள்மின்னோட்டம் முன்னர்க் கூறிய மெல்லிய கோட்டின் வழியே, முதலில் வெப்பமானியின் கிரவுண்டு முனையையும், 100 மில்லிமீட்டர் தொலைவிற்குப்பின் மைக்ரோகண்ட்ரோலரின் முனையையும் தொட்டுச் செல்கின்றது என்க.

எல்.எம். 35 ஒவ்வொரு பாகைக்கும் 10 மில்லிவோல்ட் தருவது. மோட்டார் ஓடும்போது அதன் கிரவுண்டு முனை மைக்ரோகண்ட்ரோலரின் முனையினும் 0.1 வோல்ட், அஃதாவது 100 மில்லிவோல்ட், உயர்ந்து நிற்கும். அவ்வுயர்வும் வெப்பமாகவே கணக்கிடப்படும். எனவே 33 பாகையில் சுழலத் தொடங்கிய விசிறி, அக்கணமே 43 பாகை எனக் காட்டும். அறை 27 பாகைக்குத் தணிந்தபின்னும் 37 எனவே காட்டும், விசிறி நில்லாது. நிரலில் எழுத்துப்பிழை தேடுவோன் விடியுமளவும் தேடினும் காணான். விசிறியைக் கழற்றிப் பார்ப்பின் வெப்பமானி சரியாக அளக்கும். மாட்டினாற் பொய் கூறும். இதுவே இக்குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

இதற்கு மாற்று யாது? கோட்டை 2.5 மில்லிமீட்டராக அகலப்படுத்தின், தடை பத்தில் ஒன்றாகும். பிழையும் பத்துப் பாகையினின்று ஒரு பாகையாகக் குறையும். ஆயினும் முற்றும் ஒழியாது. மோட்டாருக்குத் தனி மீள்வழி வகுத்து, அதனை மின்சாரம் பலகையினுள் நுழையும் இடத்தில் மட்டும் ஏனைய மீள்வழிகளோடு கூட்டின், அப்பிழை அடியோடு நீங்கும். பேராறு செல்லும் கால்வாயிற் சிற்றோடையின் அளவுகோலை நடுதல் ஆகாது. ஆகவே அகலம் நன்று. பிரிவு அதனினும் நன்று.

தடையேயன்றி, மின்னோட்டத்தின் மாறுதலை எதிர்க்கும் மின்தூண்டல் என்னும் இயல்பும் கோட்டிற்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர்க் கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று கணக்கிடுவர். விரைந்து இயங்கும் ஐ.சி. ஒன்று 5 நானோசெகண்டில் தன் மின்னோட்டத்தை 100 மில்லியாம்பியர் உயர்த்துமாயின், 50 மில்லிமீட்டர்க் கோட்டில் எழும் எதிரழுத்தம் 1 வோல்ட் ஆகும். 5 வோல்ட் வேண்டும் உறுப்புக்கு அக்கணத்தில் 4 வோல்ட்டே கிடைக்கும். அதன் நினைவு கலங்கலாம். அது தானே மீளத் தொடங்கவும் கூடும்.

தொலைவிலுள்ள கிணற்றை நம்பாது அடுப்பங்கரையிலேயே ஒரு குடம் நீரை நிறைத்து வைத்தல் நம் இல்லத்து வழக்கம். பலகையிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஒவ்வோர் ஐ.சி.யின் அருகிலும் 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள பீங்கான் மின்தேக்கி ஒன்றை வைப்பின், மேற்கூறிய திடீர்த் தேவையை அதுவே ஈடுசெய்யும். அதனால் தன் அழுத்தத்தில் அது இழப்பது 5 மில்லிவோல்ட்டே. ஆனால் குடம் அருகில் இருத்தல் இன்றியமையாதது. பலகையின் ஓர் ஓரத்தில் மின்தேக்கிகளை வரிசையாக நிறுத்தி நீண்ட கோடுகளால் இணைப்பது, அடுப்பங்கரைக் குடத்தைத் தெருவில் வைத்தது போலாம்.

ஏ.டி.மெகா 328பி-யின் 28 கால் வடிவில் மின்சாரம் ஏழாங்காலிலும் கிரவுண்டு எட்டாங்காலிலும் அடுத்தடுத்து நிற்றலின், மின்தேக்கியை அவற்றின் முன்னரே வைத்தல் எளிது. பழைய 7400 என்னும் ஐ.சி.யிலோ மின்சாரம் 14-ஆம் காலிலும் கிரவுண்டு ஏழாங்காலிலுமாக எதிரெதிர் மூலைகளில் உள்ளன; ஆண்டு மின்தேக்கியின் கோடுகளை இயன்றவரை குறுக்குதல் வேண்டும்.

இருபுறமும் செம்புள்ள பலகையாயின் ஒருபுறம் முழுவதையும் கிரவுண்டுப் பரப்பாக விட்டுவிடுதல் தலைசிறந்த முறை. விரைந்து மாறும் மின்னோட்டம், தான் சென்ற கோட்டின் நேர் அடியிலேயே பரப்பின்வழி மீளும் இயல்பினது. ஆதலின் அப்பரப்பை நடுவே வெட்டி ஒரு நீண்ட செய்திக் கோட்டை இடுதல் பெரும் பிழை. இட்டால், மீளும் மின்னோட்டம் அவ்வெட்டைச் சுற்றி வரும். சுற்று பெருகப் பெருக இரைச்சலும் பெருகும். பரப்போடு சேரும் கால்களை நான்கு சிறு செப்புக் கைகளால் இணைத்தல் நலம். அன்றேல் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, ஈயம் நன்கு பற்றாது. ஒருபுறச் செம்பே உள்ள பலகையில், கிரவுண்டை அகன்ற கோடாக முதலில் இட்டுப் பின்னர்க் குறுக்கிடும் செய்திகளுக்குத் தாவுகம்பிகளைக் கொள்க. தாவுகம்பி அழகன்று என்று கருதிக் கிரவுண்டைச் சுற்றிவிடுவார் அழகிற்காகப் பயனை இழப்பர்.

சுருங்கக் கூறின் வரைவோர் கொள்ளவேண்டிய முறை இது: முதலில் மிகுந்த மின்னோட்டம் கொள்ளும் உறுப்புக்களை மின்வாயிலின் அருகே வைத்தல், நுட்பமாய் அளப்பவற்றை அவற்றினின்று விலக்கி வைத்தல், மின்தேக்கிகளை அவ்வவற்றின் கால்களோடு நிறுத்தல், கிரவுண்டையும் மின்வழியையும் அகலமாக இடுதல், அதன்பின்னரே செய்திக் கோடுகளை இடுதல். இறுதியாக, ஒவ்வோர் உறுப்பினின்றும் மின்னோட்டம் எவ்வழியே மீளுகின்றது என விரலால் தொடர்ந்து பார்த்தல். விரல் வேறோர் உறுப்பின் வழியிற் புகுமாயின் அங்கே திருத்துக. செம்பை அரித்தபின் திருத்துவதினும் காகிதத்தில் திருத்துவது எளிது.

செல்லும் வழியை நினைப்பார் பலர். மீளும் வழியையும் நினைப்பார் சிலர். அச்சிலருள் ஒருவராக நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் விளங்கின், அவர் கைப்பட்ட பலகை முதன்முறையிலேயே மெய்கூறி இயங்கும் என்பது எம் துணிபு.