குதிரைக் காலில் சின்னக் காயமா? உடனே மஞ்சள் அப்பாதீங்க!

மெரினா மணலில் சவாரி போகும் மட்டக்குதிரையோ, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் குதிரையோ, நாலு காலும் நல்லா இருந்தால்தான் அதை வைத்திருப்பவர் வீட்டில் அன்றைய வருமானம். கம்பியில் உரசுவது, உடைந்த பாட்டில் கீறுவது என்று காலில் காயம் வருவது சகஜம். "சின்னதுதானே" என்று கையில் கிடைத்ததை அப்பிவிட்டு மறுபடி சவாரிக்கு ஓட்டுவதும் சகஜம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குதிரையின் முட்டிக்குக் கீழே சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே தசைநாண், எலும்பு, மூட்டு எல்லாம் இருக்கின்றன. அதனால் காயம் எவ்வளவு பெரிது என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். உள்ளங்கை நீளச் சிராய்ப்பு மேல்தோலோடு நின்றிருந்தால் வீட்டிலேயே ஆறிவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் ஆணி குத்திய சின்னத் துளை, குதிரையை நிரந்தரமாக நொண்ட வைத்துவிடலாம்.

முதலில் குதிரைக்குப் பழகிய ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கவாட்டில் குந்தி உட்காருங்க. மண்டியிடக் கூடாது, பின்னால் போகவே கூடாது. வலியில் சாதுவான குதிரையும் உதைக்கும்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்க. நடுவில் துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. நின்றதும் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, 9 கிராம் உப்பு கலந்தால் போதும். தலை தட்டி ஒன்றரை டீஸ்பூன் என்று கணக்கு. அழுக்கு நிறைய இருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிடலாம். பிறகு பொவிடோன் அயோடின் கரைசலை, பால் ஊற்றாத லைட் டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து ஒருமுறை கழுவுங்க. அடர்த்தியாக ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பது தவறு. புதிதாக வளரும் திசுவே பாதிக்கப்படும். சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். மஞ்சள் தூளும் வேண்டாம். காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் போகும்.

கட்டுப் போடுவதாக இருந்தால் அடியில் பஞ்சு தாராளமாக வையுங்க. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும், தசைநாணும் கெடும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்க, புழு வைத்துவிடும்.

அடுத்தது ரணஜன்னி. இந்த நோய்க்குக் கால்நடைகளிலேயே குதிரைதான் மிக எளிதில் பலியாகும். சாணமும் மண்ணும் இருக்கும் இடத்தில் இதன் கிருமியும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குத்துக்காயம் போதும். தாடை இறுகி, கால்கள் விறைத்த பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். ஆகவே கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பது நினைவில்லை என்றால், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டுவிடுங்க.

மூட்டுக்கு அருகில் காயம், ஆழமான குத்து, ரத்தம் பீய்ச்சுவது, குதிரை நொண்டுவது, எலும்பு தெரிவது: இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. தையல் தேவைப்பட்டால் முதல் ஆறேழு மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது. காலையில் பட்ட காயத்தை "சவாரி முடியட்டும்" என்று மாலைவரை தள்ளாதீங்க. கால்நடை மருத்துவ உதவிக்குக் கட்டணமில்லா எண் 1962. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம்.

கையில் இருக்கும் மொபைலையும் பயன்படுத்துங்க. கழுவியதும் காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து ஒரு படம், பிறகு தினமும் அதே மாதிரி ஒன்று. சுருங்குகிறதா, வீங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும். தோல் மட்டத்துக்கு மேலே சிவப்பாகச் சதை பொங்கி வந்தால், அது ஆறுவதற்கான அடையாளம் இல்லை. முட்டிக்குக் கீழ்ப்பட்ட காயங்களில் இது அடிக்கடி வரும்; நீங்களே வெட்டவோ மருந்து வைத்துச் சுடவோ வேண்டாம், அந்தப் படங்களோடு மருத்துவரைப் பாருங்க.