கத்தும் பெல்ட் கூறும் செய்தி

காலையில் காரைக் கிளப்பியதும் 'கீச்' என்றொரு ஓசை எழுந்து, தெருவில் உள்ளோரைத் திரும்பிப் பார்க்கவைப்பதை நம்மில் பலர் அறிவோம். சிறிது தூரம் ஓடியதும் அது அடங்கிவிடும். "அடங்கிவிட்டதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாமும் இருந்துவிடுவோம். அவ்வாறு இருந்தவர்களுள் நானும் ஒருவன். நான் பொறியியல் கற்றவன் அல்லன்; பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, நாக்பூரில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றுபவன். எனினும், பட்டறிந்ததைப் பகிர்ந்துகொண்டால் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இதனை எழுதலானேன்.

சென்ற பொங்கலுக்கு மதுரைக்குக் காரிலேயே செல்வதென்று வீட்டில் முடிவாயிற்று. ஐதராபாத், பெங்களூர் வழியாக ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். உடன் வருவோர் என் மனைவியும், முதிய தாயாரும், குழந்தைகள் இருவரும். காரோ பிறரிடமிருந்து வாங்கிய பழைய கார். புறப்பட ஒரு மாதம் இருக்கையில் கீச்சொலி தொடங்கியது. பட்டறையில் புதிய பெல்ட் மாட்டினர். மூன்றே வாரத்தில் ஓசை திரும்பிவந்தது. இம்முறை, "ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும்" என்றனர். அதற்கு அவர்கள் கூறிய தொகையைக் கேட்டதும் பயணத்தையே கைவிட்டுவிடலாமா என்று தோன்றியது.

எங்கள் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உள்ளார். இரயில் பெட்டிகளின் விளக்குப் பிரிவில் பிட்டராக இருந்தவர். பழைய வகைப் பெட்டிகளில், சக்கர அச்சின் சுழற்சியைப் பெல்ட்டுகள்தாம் அடியில் தொங்கும் ஆல்டர்னேட்டருக்குக் கொண்டுசெல்லும்; விளக்கும் விசிறியும் அதனால் இயங்கும். அத்தகைய பெல்ட்டுகளுடன் வாழ்நாளைக் கழித்த அவரிடம் சென்று முறையிட்டேன்.

"தம்பி, பெல்ட்டை மாற்றினார்கள், சரி. அது எதனால் கத்தியது என்று பார்த்தார்களா?" என்று கேட்டார்.

"பார்த்ததாகத் தெரியவில்லை, ஐயா."

"நாளைக் காலையில் வண்டியைக் கிளப்பாமல் வைத்திருங்கள். நான் வருகிறேன்."

அவர் விளக்கியதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட் ஆல்டர்னேட்டருக்கும், குளிர்சாதனக் கம்ப்ரஸருக்கும், பல கார்களில் தண்ணீர்ப் பம்புக்கும் கொண்டுசெல்கிறது. புல்லியை இறுகப் பற்றி ஓடவேண்டிய பெல்ட் வழுக்கினால் கத்துகிறது. ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி இழந்த மின்சாரத்தை ஈடுசெய்ய ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கும் வேளை காலை வேளை. பெல்ட்டின் மீது பாரம் மிகுவதால் அப்போது ஓசை பெரிதாகிறது. குளிர்சாதனத்தைப் போட்டவுடன் கத்துவதற்கும் இதுவே காரணம்.

ஓசையிலும் வகை உண்டு. நீண்ட கீச்சொலி வழுக்கலைக் குறிக்கும். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு ஒலித்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று ஐயுறலாம். உறுமலும் அரைபடும் ஓசையும் கேட்டால் ஏதோ ஒரு பேரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

இதனை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, தெளிப்பானால் பெல்ட்டின் வரிப்பள்ளமுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓசை சற்றே அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகளின் நேர்கோட்டில் குறை. ஓசை மிகுந்தால் வழுக்கல். சேலைத் தலைப்பு, துண்டு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை அருகே செல்லலாகாது. குழந்தைகளை விலக்கி நிறுத்துக. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே உள்ளே கை வைக்கலாம்.

எங்கள் காரில் தண்ணீர் பட்டதும் ஓசை மிகுந்தது. பெரியவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, டார்ச் விளக்கால் உள்ளே நோக்கினார். ரேடியேட்டர் குழாய் ஒன்றின் கிளிப் தளர்ந்து, குளிர்நீர் துளித்துளியாகப் பெல்ட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் நீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. முதல் பெல்ட்டைக் கெடுத்ததும் அந்தச் சொட்டே. புதியதைக் கெடுத்ததும் அதுவே.

"இப்படியே கிளம்பியிருந்தால் அடிலாபாத் தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்திருக்கும்" என்றார் பெரியவர். தாயாரையும் குழந்தைகளையும் நினைத்து என் உடல் நடுங்கியது.

வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு கிளிப்பை மாற்றி, புல்லிகளைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, டென்ஷனரையும் பார்த்து, வேறு பெல்ட் மாட்டச் செய்தோம். ஆல்டர்னேட்டருக்குக் கூறிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஓசையை அடக்க எண்ணெயோ பவுடரோ போடாதீர். ஓசை மறைந்தாலும் குறை மறையாது. அடுத்து, பெல்ட்டில் வெடிப்பு இல்லை என்பதால் அது நன்றாக உள்ளது என்று எண்ண வேண்டாம். இக்காலத்து ரப்பர் பெல்ட்டுகள் பெரும்பாலும் வெடிப்பதில்லை, டயரைப்போல் தேய்கின்றன. வரிப்பள்ளங்களின் தேய்மானத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்து, வெப்ப முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே ஓரமாக நிறுத்திவிடுக.

பொங்கலன்று நாங்கள் மதுரையில் இருந்தோம். வழியில் இரவு தங்கிய இடங்களில், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, தொட்டியில் நீர் எவ்வளவு உள்ளது என்று பார்த்தே வண்டியைக் கிளப்பினேன். கோடையில் ஊருக்குப் புறப்படவிருக்கும் அன்பர்களே! உங்கள் வண்டி கத்தினால், "எதை மாற்ற வேண்டும்?" என்பதற்கு முன்பு, "எதனால் கத்துகிறது?" என்று கேளுங்கள். அவ்வினா எங்கள் பணத்தைக் காத்தது. நடுவழியில் நிற்காமல் எங்களையும் காத்தது.