மாங்காயைக் கடித்தால் நாதசுரம் தடுமாறும்!

வெயிலில் கண் கூசும். புளிப்பில் பல் கூசும். விரல் பட்டால் விலா கூசும். நாலு பேர் முன்னால் பேச மனமும் கூசும். இத்தனைக்கும் தமிழில் ஒரே சொல்தான்!

அடுத்தவரைக் கூச வைத்து வேடிக்கை பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வேப்பம்பட்டு வழியாகத் திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஒருவர் உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய மாங்காய்த் துண்டை 'நறுக்' என்று கடிக்கட்டும். எதிரே இருப்பவருக்குப் பல் கூசும். வாயில் நீர் ஊறும். தின்பவர் ஒருவர், அவதிப்படுபவர் இன்னொருவர்!

பள்ளிக்கூடத்தில் ஆயுதம் வேறு. சிலேட்டை நகத்தால் கீறினால், 'கிரீச்!' வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். 1986-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூவர் இதைப் போன்ற ஓசையைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அதிலுள்ள கீச்சொலியை நீக்கிவிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அப்போதும் கேட்டவர்களுக்குக் கூச்சம் போகவில்லை! நடுத்தர ஒலிதான் குற்றவாளி என்று தெரிந்தது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு 2006-ல் அவர்களுக்குக் கிடைத்தது.

கல்யாணப் பந்தலில்

குறும்பு முற்றிப்போகும் இடம் கல்யாண வீடு. நாதசுரக்காரர் எதிரே பையன்கள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் கண்ணில் படும்படி புளியங்காயையோ மாங்காயையோ கடிப்பார்கள். தமிழ்நாட்டில் இது பழைய குறும்பு.

நாதசுரத்தின் முனையில் இருப்பது சீவாளி. நாணல் தட்டையால் செய்தது. அதை உதடுகளால் கவ்வி ஊத வேண்டும். சீவாளியில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டியதுதான். ஆனால் வாய் நிறைய எச்சில் ஊறினால்? விழுங்க வேண்டும். விழுங்கும்போது ஊத முடியாது!

தாலி கட்டும் நேரம். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று குரல் எழும். தும்மல், அழுகை போன்ற அபசகுன ஒலி எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த முழக்கம். அந்த நிமிஷத்தில் நாதசுரம் தடுமாறினால் வீட்டாருக்கு மனக்குறை. வாசித்தவருக்கோ கெட்ட பெயர்; அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? ரயிலில் மாங்காய் தின்பதும் இதுவும் ஒன்றல்ல. ஒருவருடைய பிழைப்பல்லவா இது!

நாக்கில் படாத புளிப்புக்கு எச்சில் ஊறுவது ஏன்? 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் இதை நாய்களிடம் ஆராய்ந்தார். சாப்பாடு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. தின்று பழகிய நினைவே வாய்க்கு உத்தரவு போட்டுவிடுகிறது.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் சில நாய்க்குட்டிகளைப் பால் மட்டுமே கொடுத்து வளர்த்தார்கள். இறைச்சியைக் காட்டினார்கள். எச்சில் ஊறவில்லை! அதைத் தின்று ருசி கண்ட பிறகுதான் ஊறியது.

நாதசுரக்காரர் மாங்காய் தின்று வளர்ந்தவராயிற்றே!