மல்டிமீட்டர் வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி இந்தக் குறியீட்டைப் பாருங்க!

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டரும் 230 வோல்ட்டைக் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும். அப்புறம் எதுக்கு ஆயிரக்கணக்கில் செலவு? லைனில் திடீரென வோல்டேஜ் எகிறினால், மீட்டர் கையிலேயே வெடிக்காமல் தாங்குமா என்பதற்குத்தான்.

அதைச் சொல்வது, புரோப் சொருகும் துளைகளுக்குப் பக்கத்தில் உள்ள 'கேட்' குறியீடு. 'கேட்டகிரி' என்பதன் சுருக்கம். பிளக் பாயின்ட்டில் ஓடும் சாதனங்களுக்கு கேட்-2 போதும். மெயின் போர்டு, டிபி பாக்ஸ் என்றால் கேட்-3. ஈபி மீட்டர், சர்வீஸ் லைன் பக்கம் கேட்-4. கேட்-3, 600 வோல்ட் மீட்டர் 6,000 வோல்ட் எகிறலைத் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. புரோப்பிலும் அதே குறியீடு இருக்கணும். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை!

அடுத்து 10 ஆம்பியர் துளை. அங்கே 'அன்ஃபியூஸ்டு' என அச்சிட்டிருந்தால் உள்ளே ஃபியூஸ் கிடையாது. கரன்ட் அளந்துவிட்டு, புரோப்பை மாற்ற மறந்து அப்படியே பிளக் பாயின்ட்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான்.

இன்வெர்ட்டர் வேலை பார்ப்பவர்கள் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' மீட்டர் வாங்குவது நல்லது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதாரண மீட்டர் காட்டும் அளவை நம்ப முடியாது.

ரிமோட், கடிகாரம், பைக் பேட்டரி பார்க்க மட்டும்னா அந்த மஞ்சள் மீட்டரே போதும்.