குடும்பத்திற்கேற்ற பாய்மரப் படகு

குடும்பத்துடன் கடலில் உலாவ விரும்புவோர் எத்தகைய பாய்மரப் படகைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்? வேகத்தையும் அழகையும் முதலில் நோக்குதல் பிழை. அடிப்பகுதியில் ஈயம் அல்லது இரும்புப் பாரம் போதிய அளவு அமைந்திருப்பின், காற்றில் சாய்ந்த படகு தானே நிமிரும். பாய்கள் ஒருவரே சுருக்கத்தக்க அளவினவாதல் வேண்டும். ஏனையோர் கடல்நோயுற்றுக் கிடக்கவும் கூடும் அல்லவா?

மற்றொன்றும் உண்டு. 1971-இல் இராபர்ட்சன் குடும்பத்தார் 'லூசெட்' என்னும் 43 அடி மரக்கலத்தில் இங்கிலாந்தினின்று புறப்பட்டனர். 1972 ஜூன் 15-இல் பசிபிக் பெருங்கடலில் திமிங்கிலங்கள் மோதவே, கலம் சில நிமிடங்களில் மூழ்கிற்று. அதிலிருந்த அறுவரும் காற்றடைத்த மிதவையில் ஏறினர். 17 நாட்களில் அதுவும் பயனற்றுப் போயிற்று. பின்னர் உடனிருந்த சிறு தோணியே அவர்களைத் தாங்கிற்று. 38 நாட்களுக்குப்பின் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்று அறுவரையும் மீட்டது. ஆகவே, பெரிய படகை ஆராயும் நாளிலேயே அதனுடன் செல்லும் சிறு தோணியையும் ஆராய்தல் குடும்பத் தலைவரின் கடமையாகும்.