லைட் மினுக் மினுக்குனு எரியுதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம். அடுத்து வல்லூரில் 1,500 மெகாவாட். `இவ்வளவு பக்கத்துல கரன்ட் தயாராகியும் நம்ம வீட்டு லைட் ஏன் விட்டு விட்டு எரியுது?' அனுப்பம்பட்டு தொடங்கி பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்கள் வரை, இப்படி யோசிக்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கோளாறு பெரும்பாலும் தெருக் கம்பத்துக்கும் உங்கள் பல்புக்கும் நடுவில், ஏதோ ஓர் இணைப்பில் இருக்கும். ஏரிக்காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் செம்புக் கம்பியில் பச்சையாகவும், அலுமினியக் கம்பியில் வெள்ளையாகவும் பூக்கும். அந்த இணைப்பு சூடாகும். சூடாகிச் சூடாகித் தளரும். தீப்பிடிப்பதும் அங்கிருந்துதான்.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை லைட் மினுங்குகிறது என்று பாருங்கள்.

ஒரே ஒரு லைட்

ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வேறு பல்பு போட்டுப் பாருங்கள். சரியானால் பழைய பல்பில்தான் கோளாறு. பழைய டியூப்லைட் என்றால் ஸ்டார்ட்டர், சோக். புது பல்பும் மினுங்கினால் ஹோல்டரையோ ஸ்விட்ச்சையோ பார்க்க வேண்டும்.

ஓர் அறை முழுக்க

ஸ்விட்ச் போர்டில் `கொர்ர்' சத்தம், கருகல் வாடை, பழுப்புக் கறை இருக்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் வரை வரும் வயரில் கரன்ட் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள்.

வீடு முழுக்க

மோட்டார் போடும்போது ஒரு நொடி மங்கினால் பயப்பட வேண்டாம். மங்கியே இருந்தால், பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் அப்படியென்றால் கோளாறு தெரு லைனில். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் சர்வீஸ் வயர் இணைப்பு, ஃப்யூஸ், மெயின் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஆபத்தான அறிகுறி

சில லைட் மங்கலாகவும் சில லைட் கண் கூசும் அளவுக்கும் எரிந்தால், நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறும். ஃபேன், டி.வி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். உடனே மெயினை அணையுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் புகார் சொல்லலாம்.

அடிக்கடி டிரிப் ஆகிறதா?

வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டை நிறுத்திவிடும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதை ஆன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதில்தான் கசிவு. எதுவுமே செருகாமல் விழுந்தால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். `தொல்லையா இருக்கு' என்று அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுப்பதும், ஃப்யூஸில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் உயிரோடு விளையாடுவது.

ஏரிக்கரை வீடுகளில் ஐப்பசி மழைக்கு முன்பு, வருடம் ஒரு தடவை, எலெக்ட்ரீஷியனை வைத்து எல்லா இணைப்புகளையும் சுத்தம் செய்து ஸ்க்ரூக்களை முறுக்கிவிடுங்கள். அரை நாள் வேலைதான். மழை ராத்திரியில் வீடு நிம்மதியாகத் தூங்கும்.