விளையாட்டில் தவறாத கைரேகை

எங்கள் வீட்டு வரவேற்பறையிலே கடந்த வாரம் ஒரு கொலை விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி, பதின்மூன்று வயதான என் மகன். பழைய பொருட் சந்தையில் இரண்டு ஈரோவுக்கு வாங்கி வந்த 'சிஎஸ்ஐ' கணினி விளையாட்டுத் தட்டு ஒன்றே அதற்குக் காரணம்.

அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2000 ஒக்டோபர் முதல் 2015 வரை ஒளிபரப்பான அத்தொடரை வாசகர் பலர் அறிவர். லாஸ் வேகாஸ் நகரத் தடயவியலாளரின் கதை அது. 2003 இல் யூபிசொஃப்ட் நிறுவனம் அதனை விளையாட்டாக வெளியிட்டது. 2004 இல் 'டார்க் மோட்டிவ்ஸ்' என்ற அடுத்தது வந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து வழக்குகள்.

விளையாடுபவர் புதிதாகச் சேர்ந்த பயிலுநர். தூள் தூவிக் கைரேகை எடுக்கலாம். லுமினோல் தெளித்துக் கழுவிய இரத்தக் கறையைக் காணலாம். சந்தேக நபரின் வீட்டைச் சோதனையிட பிராஸ் என்ற பொலிஸ் அதிகாரியிடம் ஆணை கேட்க வேண்டும். தக்க சான்று இல்லையேல் அவர் மறுத்துவிடுவார். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே விளையாட்டை மெச்சினேன். சான்று கேளாமல் கதவுகள் உடைபட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். தோழரிடம் குறிப்புக் கேட்டால் புள்ளி குறையும். விரிவுரையாளனாய் இருந்த காலத்தில் நானும் இவ்வளவு கறாராய்த் திருத்தியதில்லை.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. இங்கே தடயம் பிழைபடுவதே இல்லை. கணினி ஒரு பெயரைக் காட்டினால் ரேகை அவருடையதே.

அதே 2004 இல், மார்ச் 11 அன்று, மட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிதூண்டிகள் இருந்த பையொன்றில் கிடைத்த ரேகையை அமெரிக்க எஃப்பிஐயின் கணினி தேடி, ஒத்துப்போகக்கூடிய இருபது பேரைக் காட்டியது. அவர்களுள் ஒருவர் ஓரிகன் மாநிலச் சட்டத்தரணி பிரண்டன் மேபீல்ட். ரேகை அவருடையதே என்றனர் மூன்று நிபுணர்கள். நீதிமன்றம் நியமித்த நான்காமவரும் ஆமோதித்தார். ஸ்பானியப் பொலிசார் ஏப்ரலிலேயே மறுத்திருந்தும் மே மாதம் அவர் கைதானார். இரு வாரங்களின் பின், ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பெயின் அறிவித்த பிறகே விடுதலை கிடைத்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பதும் நிபுணர்கள் தம் முடிவை மீளாய்வு செய்யாமைக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று அமெரிக்க நீதித் திணைக்களத்தின் உள்ளக ஆய்வே பின்னர் கூறிற்று. எஃப்பிஐ மன்னிப்புக் கோரியது. 2006 இல் அரசு இருபது லட்சம் டொலர் நட்டஈடு வழங்கியது.

முதல் விளையாட்டு வெளியான 2003 ஆம் ஆண்டின் ஜனவரியிலேதான் ஐரோப்பாவில் 'யூரோடக்' கைரேகைத் தரவகமும் இயங்கத் தொடங்கியது. பதினான்கு வயது நிரம்பிய அகதி விண்ணப்பதாரர் ஒவ்வொருவரின் பத்து விரல்களையும் அது கேட்டது. வேறு நாட்டில் முன்பதிவு இருந்தால் அங்கே திருப்பி அனுப்பப்படவும் நேரிடும். 2024 இல் நிறைவேறிய புதிய சட்டம் அவ்வயதை ஆறாகக் குறைத்தது. கணினி காட்டும் பொருத்தத்தைக் கைரேகை நிபுணர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டின் யூரோடக் விதிகளிலேயே உண்டு. தம் பதிவு தவறென்று கருதுவோர் அந்தச் சரிபார்ப்பு நடந்ததா என்று சட்டத்தரணி ஊடாகக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மகனுக்கு மேபீல்டின் கதையைச் சொன்னேன். சுட்டியை விட்டுவிட்டு யோசித்தான்.

"அப்பா, நான் பிடிச்ச ஆளும் அப்பிடி இருக்குமோ?"

விளையாட்டில் அதற்கு இடம் வைக்கவில்லை என்றேன். அவனுக்கு இன்னும் இரண்டு வழக்குகள் மீதம் இருக்கின்றன.